தார்ன்பி வகையறா

நான் கல்மடைக்கு வாக்கப்பட்டு வந்த பதினோராம் நாள், பங்குனி வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்த முற்பகலில், எங்கள் வீட்டு ஓட்டின் மேல் வெள்ளை விழுந்தது. முற்றத்தில் வடகம் காயப்போட்டுக்கொண்டிருந்த நான், பக்கத்து வீட்டில் எவளோ இலவம்பஞ்சு அடிக்கிறாள், கூறுகெட்டவள், என் வடகத்தில் அல்லவா விழுகிறது என்று வைதுகொண்டே தட்டிவிடப் போனேன். கையில் பட்டதும் அது சுரீரென்று குளிர்ந்து தண்ணீராகிப் போனது. என் வீட்டுக்காரர் ஆவுடையப்பன் வெளியே வந்து அண்ணாந்து பார்த்துவிட்டு, பால்காரர் வந்திருக்கிறார் என்று சொல்வது போல, "ஒண்ணுமில்ல, துரை வீட்ல ஒரு சாவு. போய்த் தலை முழுகிட்டு வா" என்றார். நான் ராஜபாளையத்துக்காரி. எங்கள் பக்கத்தில் சாவு என்றால் ஆள் வந்து சொல்லுவான், இல்லையென்றால் தந்தி வரும், வானத்திலிருந்து கொட்டாது. பச்சைத் தண்ணீரில் முழுகி மூன்று நாள் காய்ச்சலில் கிடந்தேன்.

காய்ச்சல் விட்டபிறகு என் நாத்தனார் வடிவு கஞ்சி கொண்டுவந்து வைத்துவிட்டுக் கதையைச் சொன்னாள். எங்கள் ஊர்க் கால்வாயையும் அதன் பெரிய மடையையும் கட்டியவர் ஹென்றி தார்ன்பி என்ற வெள்ளைக்காரத் துரை. மடை கட்டி முடித்த வருஷமே காலராவில் போய்விட்டார். பெண்டாட்டியும் இரண்டு மகன்களும் இங்கிலாந்தில் இருக்க, இங்கே குழி வெட்டி வைத்துவிட்டு முதல் பிடி மண் போட ஆளில்லாமல் எல்லோரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டு நின்றபோது, கல்வேலைக்காரர்களின் தலைவரான மாசானமுத்து முன்னால் வந்து மண்ணைப் போட்டு, தலையை மழித்து, தோளில் குடம் வைத்து உடைத்து, பதினாறு நாள் தீட்டும் காத்துவிட்டார். அவர் எங்கள் குடும்பத்தின் முதல் தலைக்கட்டு. மகன் செய்கிற காரியத்தைச் செய்தவன் மகன்தானே, அப்படியானால் துரையின் மக்களும் மாசானமுத்துவின் மக்களும் பங்காளிகள்தானே என்று ஊர் பேசிக்கொண்டது, பேசியதோடு மறந்தும்விட்டது. ஏழு வருஷம் கழித்து ஒரு சித்திரை மாதம் மாசானமுத்து வகையறா வீடுகளின் கூரையில் மட்டும் வெள்ளை விழுந்தது. இரண்டு மாதம் கழித்து அம்பாசமுத்திரத்துக்கு வந்த இன்னொரு துரை, தார்ன்பி துரையின் பெண்டாட்டி அதே நாளில் செத்துப்போனாள் என்று சொன்னார். ஊர் மறந்தாலும் மேலே யாரோ மறக்கவில்லை என்று எல்லோருக்கும் விளங்கியது.

அன்றிலிருந்து இன்றுவரை இதுதான் வழக்கம். வகையறாவின் பதினோரு வீட்டுக் கூரையில் விழும், பன்னிரண்டாவது வீட்டில் ஒரு பொட்டு விழாது. வயதானவர் போனால் ஓடே தெரியாமல் மறைய விழும், சின்னப்பிள்ளை போனால் கோலமாவு தூவியது போல லேசாக விழும். ஆண்கள் முறத்தை எடுத்துக்கொண்டு கூரையில் ஏறித் தள்ளுவார்கள், மீன்காரி கூடையோடு வந்து நின்று மீனுக்கு மேலே போட்டுக்கொள்வாள், மற்ற தெருக்காரர்கள் கிண்ணத்தை நீட்டி, "உங்க துக்கத்துல எங்களுக்கும் ரெண்டு கை போடுங்க" என்று வாங்கிப்போய் நன்னாரி சர்பத்தில் கலந்து குடிப்பார்கள். நாங்கள் குடிக்க மாட்டோம், தீட்டு. மதியத்துக்குள் எல்லாம் உருகி ஓடிவிடும். பதினாறு நாள் கோயில் இல்லை, நல்ல காரியம் இல்லை, மடைப் பலகையைத் தொடக்கூடாது. பலகையைத் தொடாவிட்டால் வயலுக்குத் தண்ணீர் திறக்கும் முறை மாறிப்போகும் என்பதால், வெள்ளை விழுந்த நாளையும் வகையறாவில் நடந்த சாவு நாளையும் நீர்முறை நோட்டில் எழுதி வைப்பார்கள். முதலில் ஓலையில் எழுதினார்கள், பிறகு காகிதத்தில். இத்தனை நாள் என்று தெரியுமே தவிர, செத்தது ஆணா பெண்ணா, பேர் என்ன, ஊர் என்ன, ஒருத்தருக்கும் தெரியாது, கேட்க வேண்டும் என்று தோன்றியதும் இல்லை. துரை வீட்டுச் சாவு, அவ்வளவுதான்.

வடிவுக்குத்தான் அது அவ்வளவுதான் என்று போகவில்லை. சண்முகவடிவு என்று முழுப்பேர். தாய் தகப்பன் இல்லாத பெண், அம்பாசமுத்திரத்தில் டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு முதல் கல்யாணம் நிச்சயமாகிப் பத்திரிகை அடித்தபிறகு, முகூர்த்தத்துக்கு நாலு நாள் இருக்கையில் வெள்ளை விழுந்தது. அந்த மாப்பிள்ளை வீட்டார் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். இரண்டாவது கல்யாணத்துக்குப் பந்தல்கால் நட்ட அன்றே விழுந்தது, அவர்களும் போய்விட்டார்கள். மூன்றாவது மாப்பிள்ளை கோமதிநாயகம், அக்கரையில் சைக்கிள் கடை வைத்திருப்பவன், நல்ல பையன், அவனுக்கும் முந்தின நாள் மஞ்சள் இடிக்கும்போது விழுந்து உரலுக்குள் எல்லாம் வெள்ளை. அவன் மட்டும் போகவில்லை. ஆனால் அவன் அம்மா பகவதியம்மாள் இருக்கிறாளே, அவள் நாக்கில் கருவேலமுள் முளைத்திருக்கும், எங்கள் நடுவீட்டில் உட்கார்ந்து சொன்னாள்: "இந்தா பாரு ஆவுடையப்பா, எம் புள்ளைக்கு முப்பத்தஞ்சு ஆகுது. இன்னொரு மட்டம் பாப்பேன். அப்பவும் அந்தச் சவத்தெளவு விழுந்துச்சுன்னா, எந் தம்பி மவ ரெடியா இருக்கா." வடிவு கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு அப்போது முப்பத்தொன்று. அன்றைக்கு அவள் அழுததைப் பார்த்து, முகம் தெரியாத அந்த வெள்ளைக்காரக் கூட்டத்தையே நான் மண்ணை வாரித் தூற்றினேன்.

மறுநாள் வடிவு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மதினி, இன்னும் எத்தனை பேரு அங்க மிச்சம் இருக்காவன்னு தெரிஞ்சா, பாத்து நாள் குறிக்கலாம்லா" என்றாள். கேட்டதும் சிரிப்புதான் வந்தது. அவள் சிரிக்கவில்லை. கால்வாய்க் கரையில் இருந்த துரையின் கல்லறையைத் தேய்த்துக் கழுவி, அதில் வெட்டியிருந்த அவர் பிறந்த ஊரின் பேரைக் கண்டுபிடித்து, அந்த ஊர்ப் பாதிரியாருக்கு டைப் அடித்து ஒரு கடிதம் போட்டாள். உங்கள் ஊரில் தார்ன்பி குடும்பத்தார் இருக்கிறார்களா, அவர்கள் ஒவ்வொருவரின் வயதும் உடல்நிலையும் தெரிவித்தால் நன்றியுடையவளாக இருப்பேன், என் கல்யாணம் அதைப் பொறுத்திருக்கிறது என்று எழுதினாள். இப்படி ஒரு கடிதம் வந்தால் நான் கிழித்துப் போட்டிருப்பேன். மூன்று மாதம் கழித்துப் பதில் வந்தது, பாதிரியாரிடமிருந்து அல்ல, மார்கரெட் தார்ன்பி என்ற அம்மாளிடமிருந்து. எழுபத்தெட்டு வயது, தனியாள். பன்னிரண்டு வருஷமாகத் தன் குடும்பத்தின் தலைமுறைகளைத் தேடி எழுதிக்கொண்டிருப்பவள். என்னிடம் எல்லாப் பேரும் இருக்கிறது, பலருக்குச் செத்த நாள் தெரியவில்லை என்று எழுதியிருந்தாள்.

எங்களிடம் எல்லா நாளும் இருந்தது, ஒரு பேரும் இல்லை.

அப்படித்தான் ஆரம்பித்தது. வடிவு நீர்முறை நோட்டில் இருந்த நாற்பத்து மூன்று தமிழ்த் தேதிகளையும் பஞ்சாங்கம் வைத்து இங்கிலீஷ் தேதிகளாக மாற்றி அனுப்பினாள், மார்கரெட் அம்மாள் ஒவ்வொரு தேதிக்கும் எதிரே ஒரு பேரை எழுதித் திருப்பி அனுப்பினாள். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் மடைப்படியில் உட்கார்ந்து வடிவு அந்தக் கடிதங்களைத் தமிழில் வாசிப்பாள், துணி துவைக்க வந்தவர்கள் துவைப்பதை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள். மூத்த மகன் ராபர்ட்டின் வழியும் இளைய மகன் ஜார்ஜின் வழியும் எங்கள் தெருவுக்கு மனப்பாடம் ஆயின. ராபர்ட் மாவு மில் வைத்திருந்தவர், குடித்தே தீர்த்தார். ஜார்ஜுக்கு ஒன்பது பிள்ளைகள், நாலு தங்கவில்லை, அந்த நாலும் எங்கள் கூரையில் கோலமாவாக விழுந்தவை. முதல் உலகப் போரின்போது ஓர் ஆடி மாதக் காலையில் மூன்று தரம் விழுந்து மூன்று தரம் நின்றது என்று நோட்டில் இருந்ததே, அது ஜார்ஜின் மூன்று பேரன்கள், ஒரே படையில் ஒரே காலையில் போனவர்கள். நீங்கள் அன்று என்ன செய்தீர்கள் என்று மார்கரெட் அம்மாள் கேட்டிருந்தாள். மூன்று தரம் குளித்தோம் என்று வடிவு எழுதினாள். அதற்கு வந்த பதிலில் இரண்டு வரிதான் இருந்தது, இரண்டும் நனைந்து கலங்கியிருந்தன.

ஒரு சிக்கல் வந்தது. ஒரு மாசி மாதத்து வெள்ளைக்கு அங்கே ஆளே இல்லை. அதே சமயம், கட்டிக்கொடுத்த பெண்கள் பன்னிரண்டு பேருக்கு இங்கே வெள்ளையே இல்லை. இரண்டாவது கேள்விக்கு என் வீட்டுக்காரரின் சித்தப்பா சங்கரபாண்டியன் பல்லைக் குத்திக்கொண்டே பதில் சொன்னார்: "கட்டிக்குடுத்த பொண்ணு எப்படிப் பங்காளி ஆவா? அவ புருசன் வகையறால்லா. வெள்ளைக்கு முறை தெரியும்." பார்த்தால் அப்படித்தான் இருந்தது. வாக்கப்பட்டு வந்தவர்களுக்கெல்லாம் விழுந்திருந்தது, வாக்கப்பட்டுப் போனவர்களுக்கு ஒன்றுமில்லை. வந்தவளையாவது சேர்த்துக்கொண்டதே என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு திருப்தி. உடனே வடிவுக்குப் பொறி தட்டியது. பட்டியலில் ஈடித் என்று ஓர் அத்தை இருந்தாள், கனடாவில் ஒரு பண்ணைக்காரனைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள் என்று மட்டும் எழுதியிருந்தது. "உங்க அத்தைக்குக் கல்யாணமே நடந்திருக்காது, ஐம்பத்தேழாம் வருஷம் பிப்ரவரி பதினாறாம் தேதி செத்திருக்காவ" என்று வடிவு எழுதிப்போட்டாள். ஆறு மாதம் தேடிவிட்டு மார்கரெட் அம்மாள் பதில் எழுதினாள். ஈடித் கனடாவில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்து, கடைசிவரை மிஸ் தார்ன்பியாகவே இருந்து, அந்தத் தேதியில் தனியாக இறந்திருக்கிறாள். குழந்தை ஒன்று உண்டாகி வீட்டை விட்டுத் துரத்தப்பட்டவள், ஊர் வாயை அடைக்கக் குடும்பமே கல்யாணக் கதை கட்டியிருக்கிறது. அவளுக்காக யாரும் அழவில்லை என்று எழுதியிருந்த இடத்தில் வாசிப்பை நிறுத்திவிட்டு வடிவு எங்களைப் பார்த்தாள். வண்ணாரக்கல்லின் மேல் உட்கார்ந்திருந்த எங்கள் வகையறாக் கிழவி காசியம்மை, "நான் குளிச்சேம்மா. கெணத்துல தண்ணி வத்திக் கெடந்துச்சு, ஆத்துக்கு நடந்து போய்க் குளிச்சேன்" என்றாள்.

இதற்கு நடுவில் மார்கரெட் அம்மாளும் கேள்விகள் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். உங்கள் ஊர் மண் என்ன நிறம் என்று ஒருமுறை. சிவப்பு என்று எழுதி வடிவு ஒரு பொட்டலம் மண்ணும் அனுப்பினாள். மாசானமுத்து வகையறாவில் யார் யார் எந்தெந்த நாளில் போனார்கள் என்று இன்னொரு முறை. அதையும் நோட்டைப் பார்த்து எழுதினாள். வெள்ளைக்காரர்களுக்கு எதையாவது எழுதி வைத்துக்கொண்டே இருக்கவேண்டும் என்று நான் நினைத்துக்கொண்டேன். மாப்பிள்ளையின் அம்மாவுக்கு முழங்கால் வலி என்று வடிவு எப்போதோ எழுதியிருந்தாள் போல, ஒரு நாள் கம்பளி நூலில் பின்னிய இரண்டு முழங்கால் உறைகள் பார்சலில் வந்தன. இந்த வெயிலில் கம்பளியா என்று பகவதியம்மாள் முகத்தைச் சுளித்தாள். மறுநாள் போட்டுப் பார்த்தாள், அதன்பிறகு கழற்றவில்லை.

கடைசியில் கணக்கு தெளிந்தது. தார்ன்பி என்ற பேரோடு உயிரோடு இருப்பது ஒரே ஓர் ஆள், மார்கரெட் அம்மாள்தான். அண்ணன் மகள்கள் எல்லோரும் கட்டிக்கொடுத்துப் போய்விட்டார்கள். அந்த அம்மாளுக்கு இருதயம் சரியில்லை, டாக்டர் ஆறு மாதம் சொல்லியிருக்கிறார். சங்கரபாண்டியன் சித்தப்பா சப்பணம் போட்டு உட்கார்ந்து, "ரொம்ப நல்லதாப் போச்சு. ஆறு மாசம் பொறு. அந்தம்மா போயிட்டாவன்னா அதோட சோலி முடிஞ்சுது, அப்புறம் நிம்மதியா நாள் குறிக்கலாம்" என்றார். பகவதியம்மாளும் அதுதான் சரி என்றாள். நியாயம் என்னவோ அதுதான். வடிவு சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

"ஒரு மனுஷி எப்ப சாவான்னு வாசல்ல காத்துக் கெடந்து எனக்குத் தாலி ஏறணுமா சித்தப்பா? அவிய எனக்கு மாசம் ரெண்டு கடிதாசி போடுதாவ. கல்யாணச் சேலை என்ன கலருன்னு கேக்காவ. நாளை இப்பவே குறிங்க. விழுந்தா விழட்டும்."

"விழுந்தா எந் தம்பி மவதான்" என்றாள் பகவதியம்மாள்.

"சரி அத்தை" என்றாள் வடிவு. கோமதிநாயகம் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான், அவன்மேல் எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது.

ஆவணி நாலு என்று குறித்தாயிற்று. என்னால் முடிந்தவரை தாக்குப்பிடிக்கிறேன் என்று மார்கரெட் அம்மாள் எழுதினாள். அப்புறம் எங்கள் ஊர் செய்த கூத்தை என்னவென்று சொல்ல. நூற்று நாற்பது வருஷமாகத் துரை வீட்டாரைத் திட்டித் தீர்த்த தெரு, இப்போது ஒரு வெள்ளைக்காரி நன்றாக இருக்கவேண்டும் என்று வெள்ளிக்கிழமைதோறும் அம்மன் கோயிலில் அர்ச்சனை செய்தது. பிறந்த நாளை வைத்து ஜோசியர் உத்திரட்டாதி என்று நட்சத்திரம் கணித்துக் கொடுத்தார், குருக்கள் சம்ஸ்கிருதத்துக்கு நடுவே மார்கரெட் பேரைச் சொல்லும்போது இருமல் வந்தது போல இழுப்பார், நாங்கள் கண்ணை மூடிக்கொண்டு கும்பிடுவோம். காசியம்மை தீச்சட்டி நேர்ந்துகொண்டாள். நான், மண்ணை வாரித் தூற்றியவள், விளக்கு போட்டேன்.

கல்யாணத்தன்று விடிந்தபோது வானம் பளிச்சென்று இருந்தது. பொண்ணை அழைத்து வந்து மணவறையில் உட்காரவைத்தாயிற்று, மாலை மாற்றியாயிற்று, தாலித் தட்டு கைக்குக் கை மாறிப் போய்ப் பெரியவர்களிடம் ஆசீர்வாதம் வாங்கிக்கொண்டிருந்தது. மேளக்காரர்தான் முதலில் பார்த்தார். நாயனத்தை வாயிலிருந்து எடுத்துவிட்டார். பந்தல் ஓலையின் இடுக்கு வழியே வெள்ளை மெதுவாக, கொஞ்சமும் அவசரமில்லாமல், இறங்கியது. பொண்ணின் மாலையில் விழுந்தது, அக்கினியில் விழுந்து சுர் என்றது, தாலித் தட்டில் இருந்த தேங்காயின் மேல் விழுந்தது. அப்படி ஒரு கனமான வெள்ளையை யாரும் பார்த்ததில்லை. அரைக்கால் நாழிகை, அவ்வளவுதான் பாக்கி இருந்தது. பாவி, இன்னும் மூணு நிமிஷம் மூச்சைப் பிடித்திருக்கக் கூடாதா என்று நினைத்தேன், நினைத்ததற்காக என் கன்னத்தில் நானே போட்டுக்கொண்டேன்.

எல்லோரும் பகவதியம்மாளைத்தான் பார்த்தார்கள். அவள் முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்து மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். பட்டுச்சேலைக்கு அடியில் கம்பளி உறை தெரிந்தது. இரண்டு கையாலும் அந்த முழங்கால்களைப் பிடித்துக்கொண்டு, "ஏ எம் மகராசி, எங் காலுக்குப் பின்னிக் குடுத்த கையில்லா இன்னைக்கு அடங்கிப் போச்சு" என்று ஓங்கிக் குரலெடுத்து அழுதாள். கல்யாணப் பந்தலில் ஒப்பாரி, கேட்டிருக்கிறீர்களா? ஒருத்தி தொடங்கினால் மற்றவர்களுக்குப் பொறுக்குமா, பெண்கள் அத்தனை பேரும் கட்டிப்பிடித்து அழுதோம். வடிவு தன் மாலையைக் கழற்றினாள். கோமதிநாயகம் தன் மாலையையும் கழற்றி அதன்மேல் வைத்தான். எழுந்து நின்று அவன் அம்மாவிடம் சொன்னான்: "பதினாறு நாள்தானம்மா. நான் இங்கனயே இருக்கேன்."

"நீ இருக்காம எங்கல போவே" என்று மூக்கைச் சிந்தினாள் பகவதியம்மாள். "எனக்கு எந்தத் தம்பி மவளும் வேண்டாம்."

பதினாறும் கழிந்து பத்து நாளில் இன்னொரு முகூர்த்தம் பார்த்தோம். வானத்தை யாரும் அண்ணாந்து பார்க்காமல் நடந்த முதல் கல்யாணம் எங்கள் வகையறாவில் அதுதான். தாலி ஏறிய நிமிஷம் நான் அழுத அழுகை எனக்கே வெட்கமாகப் போனது.

ஐப்பசியில் ஒரு பார்சல் வந்தது. மார்கரெட் அம்மாள் இதை உங்களுக்கு அனுப்பச் சொல்லியிருந்தார் என்று அந்த ஊர்ப் பாதிரியார் ஒரு சீட்டு வைத்திருந்தார். உள்ளே அவர்கள் குடும்பத்துப் பழைய பைபிள். வடிவு அதை எடுத்துக்கொண்டு மடைப்படிக்கு வந்தாள், பகவதியம்மாளும் நானும் துணி ஊறவைத்துக்கொண்டிருந்தோம். புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் ஐந்தாறு பேரின் கையெழுத்தில் வரிசையாகத் தேதிகள். மேலே, நம் வீட்டுக் கூரையில் சிவப்பு மண் விழுந்த நாட்கள் என்று எழுதியிருந்தது. அதன் கீழே, இந்த நாட்களில் திரைகளை மூடவும், பாட்டும் விருந்தும் கூடாது, காரணம் தெரியாது என்று இருந்தது. முதல் தேதி மாசானமுத்து செத்த நாள். வடிவின் தகப்பனார் போன நாளும் இருந்தது. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் மார்கரெட் அம்மாளின் நடுங்கும் எழுத்தில் புதிதாகப் பென்சிலால் எங்கள் ஆட்களின் பேர்கள்.

வாசித்துக்கொண்டே வந்த வடிவு ஓர் இடத்தில் நின்றுபோனாள். நான் எட்டிப் பார்த்தேன், எனக்கு எங்கே இங்கிலீஷ் தெரியும். "படிச்சுச் சொல்லேன்ளா" என்றேன். அவள் மெதுவாகச் சொன்னாள், அது மார்கரெட் அம்மாளே அந்தக் காலத்தில் எழுதியது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பது, ஜூன் பதினைந்து. ஆர்தருக்கும் எனக்கும் கல்யாணம். கோயிலுக்குக் கிளம்பும்போது வெள்ளை உடுப்பு முழுக்கச் சிவப்பு மண். ஒரு வாரம் தள்ளிப்போடலாம் என்றார் அப்பா. திங்கட்கிழமை ஆர்தரைப் போருக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். திரும்பவில்லை. அதற்குப் பக்கத்தில் பென்சிலில்: நாறும்பூநாதன், வடிவின் தாத்தா. வடிவிடம் இதை நான் உயிரோடு இருக்கும்போது சொல்லவேண்டாம்.

கால்வாய்த் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. வடிவு புத்தகத்தை மூடவில்லை.

"அன்னைக்கு எங்க தாத்தா சாவாம இருந்திருந்தா அவியளுக்குக் கல்யாணம் ஆயிருக்கும் மதினி. ஆர்தர் வகையறாவுக்குப் போயிருப்பாவ. ஏங் கல்யாணத்துல ஒண்ணும் விழுந்திருக்காது" என்றாள். பிறகு அவள், "ஆர்தருக்கு யாரு குளிச்சிருப்பா?" என்று கேட்டாள். கேட்டுவிட்டுப் புத்தகத்தை மேல்படியில் பத்திரமாக வைத்தாள், கொண்டையை அவிழ்த்தாள், படி இறங்கினாள். நானும் எழுந்தேன். மேலே வானம் வெறுமனே கிடந்தது.

"ஏளா, வெள்ளைதான் விழலியே, யாருக்குக் குளிக்கிய?" என்றாள் பகவதியம்மாள்.

"ஆர்தருக்கு அத்தை."

"நம்ம ஆளா?"

"ஆமா."

பகவதியம்மாள் முழங்கால் உறைகளைக் கழற்றி, மடித்து, பைபிளுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு எங்களுக்கு முன்னால் தண்ணீரில் இறங்கினாள்.